கல்யாண நாளுக்கு ஓர் ஊசி: துணைக்குத் தடுப்பூசியும் உடல் பரிசோதனையும் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கான கேள்வி பதில்

குழந்தைக்கு எந்த மாதம் எந்த ஊசி என்று அட்டையில் குறித்துவைத்து, நாள் தவறாமல் தூக்கிக்கொண்டு போகிறோம். அந்தக் குழந்தையின் அம்மாவும் அப்பாவும் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள் என்று கேட்டால், கோவிட் காலத்தைச் சொல்வார்கள். இல்லையென்றால் காலில் ஆணி குத்தியபோது போட்ட டிடி. பிறந்தநாளுக்கோ கல்யாண நாளுக்கோ துணையின் உடம்புக்காகச் செலவு செய்யலாமே என்று யோசிப்பவர்களுக்காகத் தமிழ்நாட்டை மனத்தில் வைத்து எழுதியது இது. உங்கள் வீட்டில் யாருக்கு எது பொருந்தும் என்று கடைசியாகச் சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்.

பிறந்தநாளுக்கு ஊசியா? சிரிக்க மாட்டார்களா?

சிரிப்பார்கள். கூடவே ஒரு புடவையோ சட்டையோ வாங்கிக் கொடுங்கள், யாரும் தடுக்கவில்லை.

ஆனால் இந்தப் பரிசுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் பெண்ணின் சொந்த வைத்தியம் எப்போதும் பட்டியலின் கடைசி. பள்ளிக்கூடக் கட்டணம், மாமனாரின் கண் ஆபரேஷன், பையனின் பல் கிளிப் எல்லாம் முடிந்த பிறகும் மிச்சம் இருந்தால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். ஆண்களுக்குப் பணம் பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. போய்ப் பார்த்தால் எதையாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான். இரண்டு பேரிடமும் தள்ளிப்போடச் சாக்கு உண்டு. இன்னொருவர் பணத்தைக் கட்டி, நேரம் வாங்கி, லீவும் போட்டுக் கூட வருகிறார் என்றால் அந்தச் சாக்கு பலமிழந்துவிடும்.

சொல்லாமல் அழைத்துப்போய் சர்ப்ரைஸ் கொடுக்கலாமா?

கூடாது. அழைப்பு சர்ப்ரைஸாக இருக்கலாம், ஊசி இருக்கக் கூடாது. உடம்பு அவருடையது, வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவருடையது. மருத்துவக் காரணமும் உண்டு. முன்பு ஏதாவது ஊசிக்கு ஒவ்வாமை வந்ததா, ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கிறாரா, நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று டாக்டர் கேட்பார். சில பதில்கள் உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அவற்றை உங்கள் முன்னால் சொல்ல அவருக்கு விருப்பம் இல்லாமலும் போகலாம். அதனால் டாக்டர் அறைக்குள் அவர் தனியாகப் போகட்டும்.

லேபில் பதிவு செய்யும்போது உங்கள் செல் நம்பரைக் கொடுக்காதீர்கள், அவருடையதைக் கொடுங்கள். ரிப்போர்ட் அவருக்குத்தான் வர வேண்டும். பணம் கட்டியவர் என்பதால் முதலில் திறந்து பார்க்கும் உரிமை வந்துவிடாது. எச்ஐவி பரிசோதனை என்றால் சட்டமே இருக்கிறது: 2017-இல் இயற்றப்பட்ட எச்ஐவி, எய்ட்ஸ் சட்டப்படி, சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. "மத்த டெஸ்டோட சேர்த்து அதையும் எடுத்துடுங்க" என்று கவுண்டரில் கிசுகிசுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே ஓர் ஊசிதான் கொடுக்க முடியும் என்றால் எது?

முப்பது வயதைத் தாண்டிய தம்பதி என்றால், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்கான ஊசி என்பேன். விலை குறைவு, பலன் பெரிது, ஆனால் யாருக்கும் நினைவுக்கு வராது. இந்தியாவில் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்தில் இந்த ஊசி 2002-ஐ ஒட்டிச் சில இடங்களில் தொடங்கி, 2011-இல்தான் நாடு முழுக்க வந்தது. அதற்கு முன் பிறந்தவர்கள் தனியாகவோ முகாமிலோ போட்டிருந்தால்தான் உண்டு.

"எனக்குச் சின்ன வயசுலயே காமாலை வந்து கீழாநெல்லி சாப்பிட்டுச் சரியாயிடுச்சு, இனிமே வராது" என்று சொல்பவர்கள் நிறைய. சிறுவயதில் தண்ணீர், சாப்பாடு மூலம் வந்து தானே போகிற காமாலை பெரும்பாலும் ஹெபடைடிஸ் ஏ. அது வந்துபோனதால் பி வராமல் இருக்காது. பி ரத்தம் மூலமாகவும், உடலுறவு மூலமாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவும். சிலருக்கு உள்ளேயே தங்கி, எந்த அறிகுறியும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் இருந்து, கல்லீரல் சுருக்கத்திலோ புற்றுநோயிலோ கொண்டுபோய் விடும்.

முதலில், கிருமி ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா என்று பார்க்க எச்பிஎஸ்ஏஜி என்ற ரத்தப் பரிசோதனை. இல்லை என்று வந்தால் மூன்று டோஸ்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். துணைவருக்கு ஏற்கெனவே அந்தக் கிருமி இருப்பது தெரிந்தால், மற்றவருக்கு இந்த ஊசி கட்டாயத் தேவை. அந்த நிலையில் மூன்றாவது டோஸுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து, எதிர்ப்பு சக்தி 10 யூனிட்டுக்கு மேல் வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே தட்டில் சாப்பிடுவதாலும் கட்டிப்பிடிப்பதாலும் இது தொற்றாது. ரேசரையும் டூத் பிரஷ்ஷையும் மட்டும் பகிர்ந்துகொள்ள வேண்டாம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஊசியை மனைவிக்கு வாங்கிக் கொடுக்கலாமா? கல்யாணம் ஆனவர்களுக்கு அது பயன்படாது என்கிறார்களே?

இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் கிருமிக்கு எச்பிவி என்று பெயர். அதற்கான ஊசியை உடலுறவு வாழ்க்கை தொடங்கும் முன் போட்டால் முழுப் பலன் தரும். 9 முதல் 14 வயதுவரை இரண்டு டோஸ், அதற்கு மேல் ஆறு மாதத்துக்குள் மூன்று டோஸ் என்பது வழக்கமான கணக்கு. கல்யாணத்துக்குப் பிறகு பலன் குறையும், பூஜ்யம் ஆகாது. உடம்புக்குள் இன்னும் வராத எச்பிவி வகைகளுக்கு எதிராக அது வேலை செய்யும். ஏற்கெனவே வந்துவிட்டதைக் குணப்படுத்தாது. சீரம் இன்ஸ்டிட்யூட் 2023 ஜனவரியில் கொண்டுவந்த செர்வாவாக் நம் நாட்டில் தயாரானது. நான்கு வகைகளைத் தடுக்கும், 9 முதல் 26 வயதுவரை இருபாலருக்கும் அனுமதி உண்டு, ஒரு டோஸ் இரண்டாயிரம் ரூபாய் அளவில் வந்தது. ஒன்பது வகைகளைத் தடுக்கும் கார்டசில் 9 அதைவிடப் பல மடங்கு விலை. அமெரிக்காவில் 2018-இல் அதன் வயது வரம்பை 45 வரை நீட்டினார்கள். இருபத்தாறைத் தாண்டியவர் மகப்பேறு மருத்துவரிடம் பேசி, தன் நிலைக்கு இது செலவுக்குத் தகுந்த பலனைத் தருமா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யட்டும்.

முப்பதைத் தாண்டிய மனைவிக்கு ஊசியைவிட முதலில் கொடுக்க வேண்டியது ஸ்க்ரீனிங். அறிகுறி வரும் முன்பே கர்ப்பப்பை வாயைப் பார்க்கும் சோதனை அது: செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் அல்லது கிருமியைத் தேடும் எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை. உலகச் சுகாதார நிறுவனம், தரமான சோதனையாக 35 வயதுக்குள் ஒன்று, 45 வயதுக்குள் இன்னொன்றாவது செய்திருக்க வேண்டும் என்பதை இலக்காக வைத்திருக்கிறது. ஊசி போட்டவர்களுக்கும் இது உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் வினிகரில் உள்ள அமிலத்தையே நீர்க்கவைத்துத் தடவிப் பார்க்கும் எளிய சோதனையை முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இலவசமாகச் செய்கிறார்கள். சில நிமிட வேலை. கூச்சம்தான் பெரிய தடை. பெண் மருத்துவர் இருக்கும் நாளைக் கேட்டு வாங்குவதும் உங்கள் பரிசில் ஒரு பகுதி.

எச்பிவி ஊசி என்றதும் "என்னைச் சந்தேகப்படுறீங்களா?" என்று கேட்டுவிட்டார். என்ன சொல்வது?

இந்தக் கிருமி உலகத்தில் மிகச் சாதாரணம் என்பதைச் சொல்லுங்கள். உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வந்து, இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும். போகாமல் தங்கிவிடுகிற சிலருக்குத்தான் பத்து, இருபது வருடம் கழித்துப் புற்றுநோயாக மாறும் ஆபத்து.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்க்ரீனிங்கில் எச்பிவி இருப்பதாக வந்தால், அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த லேபும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்பே ஒருவருக்கு வந்து, பல வருடம் அடங்கிக் கிடந்து இப்போது தெரியலாம். அந்தக் காகிதத்தை வைத்துப் பஞ்சாயத்து வைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட சூழல் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு டாக்டரிடம் பேசுங்கள். சோதனை அதற்குப் பிறகு.

குழந்தைக்கு முயற்சி செய்யப் போகிறோம். மனைவிக்கு எதை முன்கூட்டியே போட வேண்டும்?

ரூபெல்லா என்கிற ஜெர்மன் தட்டம்மைக்கும் சின்னம்மைக்கும் உள்ள ஊசிகள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா வந்தால் குழந்தையின் காது, கண், இதயம் மூன்றும் பாதிக்கப்படலாம். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயதுவரை உள்ளவர்களுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசியைப் பெருமளவில் போட்டார்கள். அதற்குள் பதினைந்தைத் தாண்டியிருந்த பெண்களில் பலர் இதைப் போட்டிருக்க வாய்ப்பில்லை. இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி. கர்ப்பத்தில் போடக் கூடாது. போட்ட பிறகு ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும். சின்னம்மை ஊசிக்கும் அதே விதி; அது இரண்டு டோஸ். அதனால் ஊசிக்கான தேதியைக் கணக்குப் போட்டு முதலில் முடித்துவிடுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையையும் அப்போதே தொடங்கலாம், அதுவும் விலை மலிவான பரிசுதான்.

அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் பரம்பரையாக வரும் தலசீமியா என்ற ரத்த நோயைத் தெரியாமல் சுமக்கிறார்களா என்று பார்க்கும் கேரியர் சோதனையையும் இருவருமாகச் செய்துகொள்வது நல்லது.

ஏற்கெனவே கர்ப்பமாக இருக்கிறார்.

உயிருள்ள கிருமி ஊசிகள் வேண்டாம், எச்பிவி ஊசியைத் தொடங்கியிருந்தால் மீதி டோஸைப் பிரசவத்துக்குப் பிறகு தொடரலாம். ஃப்ளூ ஊசி எந்த மாதத்திலும் போடலாம். கக்குவான் இருமலுக்கான டிடாப்பை 27 முதல் 36 வாரத்துக்குள் போட்டால், பிறந்த குழந்தைக்கு முதல் சில மாதம் பாதுகாப்பு கிடைக்கும். குழந்தையைத் தூக்கப் போகிற அப்பாவும் பாட்டியும் அதைப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

வருடா வருடம் ஃப்ளூ ஊசி தேவையா? போட்டும் சளி பிடிக்கிறதே?

சளிக்கு அது பொறுப்பில்லை. சாதாரணச் சளியைக் கொடுப்பவை வேறு கிருமிகள். இன்ஃப்ளூயன்சா வந்தவருக்கு வித்தியாசம் தெரியும்: ஐந்து நாள் எழுந்திருக்க முடியாது. கிருமி மாறிக்கொண்டே இருப்பதால், உலகச் சுகாதார நிறுவனம் ஊசியில் எந்த வகைகள் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் புதிதாக அறிவிக்கிறது. நம் ஊரில் வடகிழக்குப் பருவமழைக்கு முன், அப்போது கிடைக்கும் புதிய ஊசியைப் போடலாம். சர்க்கரை, ஆஸ்துமா, இதயநோய் உள்ள துணைவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். அந்த வரிசையில் இருப்பவர்களுக்கும் 65-ஐத் தாண்டியவர்களுக்கும் நிமோனியா ஊசியும் உண்டு. எந்த வகை, எத்தனை டோஸ் என்பதை டாக்டர் சொல்வார்.

வெள்ளி விழாக் கொண்டாடும் தம்பதிக்கு?

ஐம்பதைத் தாண்டியிருந்தால் அக்கி ஊசி. சிறுவயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து, வயதானபின் இடுப்பைச் சுற்றியோ முகத்திலோ கொப்புளமாக எழுவதுதான் அக்கி. நம் ஊரில் குயவரிடம் போய்ச் செங்காவியால் அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் உண்டு. கொப்புளம் எப்படியும் சில வாரத்தில் ஆறும். சிலருக்கு அதன் பிறகும் மாதக்கணக்கில் நிற்கும் நரம்பு வலிதான் கொடுமை. சட்டைத் துணி பட்டாலே எரியும். ஷிங்ரிக்ஸ் என்ற ஊசி 2023-இல் இந்தியாவுக்கு வந்தது. இரண்டிலிருந்து ஆறு மாத இடைவெளியில் இரண்டு டோஸ், ஒவ்வொன்றும் பத்தாயிரம் ரூபாயை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். போட்ட மறுநாள் கை வலி, காய்ச்சல், அசதி கொஞ்சம் பலமாகவே வரலாம். விழாவுக்கு முந்தின நாள் போட்டுவிடாதீர்கள்.

கென்யாவுக்கு அழைத்துப்போகிறேன், அதுதான் பரிசு. ஊசி எதற்கு?

மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால், இந்திய விமான நிலையத்திலேயே ஆறு நாள்வரை தனிமைப்படுத்த விதி இருக்கிறது. பரிசு அங்கேயே முடிந்துவிடும். ஊசி போட்டு பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும், அதனால் டிக்கெட் எடுத்த கையோடு நேரம் வாங்கிவிடுங்கள். எல்லா ஆஸ்பத்திரியிலும் போட மாட்டார்கள். அரசு அங்கீகரித்த மையங்களில்தான் உண்டு. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அதில் ஒன்று. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். கர்ப்பிணிகளும் அறுபதைத் தாண்டியவர்களும் முட்டைக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டாக வேண்டும்.

தெரு நாய்களுக்குச் சாப்பாடு போடுகிற மனைவிக்கு முன்கூட்டியே ரேபிஸ் ஊசி போடலாமா?

தாராளமாக. ஆனால் கடிபட்டால் அதற்குப் பிறகும் இரண்டு டோஸ் போட்டே ஆக வேண்டும். "ஏற்கெனவே போட்டாச்சு" என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

மாதவிடாய் நாளில் போடலாமா? அசைவம் சாப்பிடலாமா? தலைக்குக் குளிக்கலாமா?

மூன்றுக்கும் ஆம். பத்தியம் எதுவும் இல்லை. போட்ட இடத்திலேயே 15 முதல் 30 நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், எழுந்ததும் மயக்கம் வருபவர்கள் உண்டு. அன்று இரவுச் சமையலை நீங்கள் பார்த்துக்கொண்டால் நல்லது.

மெடிக்கலில் ஊசி மருந்தை வாங்கிப் பரிசுப் பொட்டலமாகக் கொடுத்துவிடலாமா?

வேண்டாம். தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மே மாதத்து மதுரையில் பைக் பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போனால் மருந்து வீண், ஆனால் பார்த்தால் தெரியாது. ஃப்ரீசரில் வைத்தாலும் பல ஊசிகள் கெடும். போடுகிற இடத்திலேயே மருந்து இருக்கும் கிளினிக்காகப் பாருங்கள். பேட்ச் எண்ணையும் காலாவதி தேதியையும் அட்டையில் எழுதி வாங்குங்கள்.

85 டெஸ்ட், பாதி விலை என்று லேப் விளம்பரம் வருகிறது. அதை வாங்கலாமா?

எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள். ஒரே ரத்த அணுச் சோதனையில் வரும் இருபது வரிகளை இருபது டெஸ்டாகக் கணக்குக் காட்டுவார்கள். நோய் அறிகுறியே இல்லாதவருக்குப் புற்றுநோய்க் குறியீடுகள் என்று சிஏ-125, சிஇஏ எல்லாம் சேர்த்திருப்பார்கள். கொஞ்சம் கூடுதலாக வந்தாலே ஒரு மாதம் தூக்கம் போகும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

நாற்பதை ஒட்டியவருக்கு ரத்த அழுத்தம், சர்க்கரையும் அதன் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியும், கொழுப்பு, சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், சிறுநீர், ஹீமோகுளோபின் போதும். பெண்களுக்கு முன்னே சொன்ன ஸ்க்ரீனிங்கும், டாக்டர் சொன்னால் தைராய்டும் மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமும். முடிவைப் படித்துச் சொல்ல ஒரு டாக்டரின் கட்டணத்தையும் பரிசில் சேருங்கள். சிவப்பில் அச்சிட்ட எண்ணை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போனால் வீட்டில் கூகுள்தான் டாக்டர். வெறும் வயிற்றில் போக வேண்டும் என்றால் ஃபில்டர் காபியும் சாப்பாட்டுக் கணக்குத்தான், தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.

செலவு செய்ய வசதி இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் எல்லாவற்றையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருவதற்காக வந்த திட்டம். முழு உடல் பரிசோதனைக்கு, சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனையில் 2016-இல் 1000, 2000, 3000 ரூபாய் என்று மூன்று அளவில் தொடங்கினார்கள். வேறு பல அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இருக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் கூட நிற்பது, கிஃப்ட் வவுச்சரைவிடப் பெரிய செலவு.

வீட்டுக்காரர் "எனக்கு ஒண்ணும் இல்ல" என்று வர மாட்டேன் என்கிறார்.

"உங்களுக்குத்தான் இதெல்லாம் வேணும்" என்று தொடங்கினால் வர மாட்டார். "எனக்குப் பார்க்கப் போறேன், நீங்களும் வாங்க" என்று இரண்டு பேருக்கும் நேரம் வாங்குங்கள். தொப்பையையும் சிகரெட்டையும் அன்றைக்குப் பேச வேண்டாம், அதை டாக்டர் சொல்லட்டும். அப்படியும் வரவில்லையா? வீட்டில் ஒரு பிபி மெஷின் வாங்கி வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்க்கும்போது அவரும் கையை நீட்டுவார்.

மருத்துவக் காப்பீடு எடுத்துக் கொடுப்பது இதில் சேருமா?

சேரும், நல்ல பரிசும்கூட. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பக் காப்பீடுகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. கம்பெனி கொடுத்த பாலிசி இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். வேலை போனால் அதுவும் போகும். அவருக்கு ஏற்கெனவே சர்க்கரையோ அழுத்தமோ இருந்தால் படிவத்தில் ஒளிக்காமல் எழுதுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து அப்படிப்பட்ட நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம்தான். மறைத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது க்ளெய்ம் நிராகரிக்கப்படுவதைவிட அது மேல். பிரசவச் செலவுக்கும் காத்திருப்பு உண்டு, அதனால் குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் முன்பே எடுக்க வேண்டும். வழக்கமான பாலிசிகள் தடுப்பூசிக்குப் பணம் தராது. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, தனக்கும் துணைக்கும் குழந்தைக்குமான 25,000 ரூபாய் வரம்புக்குள் 5,000 வரை உடல் பரிசோதனைச் செலவைக் காட்டலாம். ரொக்கமாகக் கட்டியிருந்தாலும் செல்லும், ரசீது இருக்க வேண்டும்.

முதல் டோஸ் போட்டோம், ஃபோட்டோ எடுத்தோம். அப்புறம் மறந்துவிட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். ஹெபடைடிஸ் பி, எச்பிவி இரண்டிலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், மறுபடி முதல் டோஸ் போடத் தேவையில்லை. முந்தைய அட்டையைக் கொண்டுபோங்கள். இந்த முறை அடுத்த தேதியை இருவர் செல்போனிலும் போட்டுவையுங்கள். அட்டையை ஃபோட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளுங்கள். மூன்றாவது டோஸ் தேதியில் யாராவது சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து வரும். ஒரு வாரம் தள்ளிப்போனால் பரவாயில்லை, அந்த வாரத்துக்கும் இப்போதே நேரம் வாங்கிவிடுங்கள்.